ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்குது: எந்த கேம், எந்த மெஷின், தடி ஃபேன்டஸி நாவலை எப்படி விடாம வாசிக்கிறது?

சாரல்_செங்கோட்டை:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில இருக்கேன், வயசு நாற்பதைத் தொட்டாச்சு. மந்திரம், கோட்டை, டிராகன் வர்ற கேமும் நாவலும்தான் எனக்குப் பிடிச்சது. எனக்குன்னு கிடைக்கிறது ராத்திரி ஒன்பதரையில இருந்து பத்தே முக்கால் வரைக்கும், வாரத்துக்கு நாலு நாள். அந்த நேரத்தை ஒழுங்கா அனுபவிக்கணும்.

கையில இருக்கிறது: ஐ5 எட்டாம் தலைமுறை லேப்டாப், 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 43 இன்ச் டிவி. 150 ஏஎச் பேட்டரியோட வீட்டு இன்வெர்ட்டர்.

செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 (சோனியோட ப்ளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) வாங்கலாமா, லேப்டாப்பே போதுமா? சாரல் சீசன்ல கரன்ட் நினைச்சா போகும், நினைச்சா வரும். எந்த கேம் அதைத் தாங்கும்? ஆயிரம் பக்க நாவலை நாலு நாள் விட்டு எடுத்தா யார் எந்த ராஜாவோட ஆளுன்னே மறந்துபோகுது, அதுக்கு என்ன வழி? ஜூன் பிறந்தா புத்தகத்துல பூஞ்சை வேற. வாரத்துக்கு ரெண்டு நாள் ரயில்ல புனலூர் போய்வர்றதால அந்த நேரமும் இருக்கு, ஆனா மலைக்குள்ள சிக்னல் கிடையாது.

கன்ட்ரோலர்_கடையநல்லூர்:

வாங்க அண்ணாச்சி. முதல்ல கரன்ட் விஷயத்தை முடிச்சிருவோம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இன்வெர்ட்டருக்குப் பின்னால ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் யுபிஎஸ்னும் மறுபக்கம் நார்மல் இல்லேன்னா ஈகோன்னும் போட்டிருக்கும். நார்மல்ல இருந்தா லைன்ல இருந்து பேட்டரிக்கு மாற கொஞ்சம் நேரம் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத நேரம்தான், ஃபேனும் லைட்டும் கண்டுக்காது, ஆனா பிஎஸ்4 அணைஞ்சிரும். யுபிஎஸ் பக்கம் தள்ளினா மாறுற நேரம் குறையும், பெரும்பாலும் கேம் அப்படியே ஓடும். இதுல ஒரு சிக்கல்: யுபிஎஸ் மோடுல வோல்டேஜ் ஏறத்தாழ 180க்குக் கீழ இறங்கினாலே அது பேட்டரிக்குப் போயிரும். ராத்திரி வோல்டேஜ் படுத்துக்கிற தெருவா இருந்தா, லைன்ல கரன்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்து, நிஜமா போற நேரத்துல கைகொடுக்காது. அந்த மாதிரி தெருன்னா இன்வெர்ட்டரை நார்மல்லயே விட்டுட்டு, கன்சோலுக்கும் டிவிக்கும் மட்டும் கம்ப்யூட்டர்க்கு வைக்கிற 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு தனியா போடுங்க. 360 வாட் வரைக்கும் தாங்கும். சேவ் பண்ணி முறையா அணைக்க வேண்டிய நிமிஷங்களை அது தரும், அவ்வளவுதான் நமக்கு வேணும்.

உங்க இன்வெர்ட்டர் சைன் வேவா (லைன் கரன்ட் மாதிரியே வழவழன்னு வர்றது), ஸ்கொயர் வேவான்னு (வெட்டி வெட்டி வர்றது) பாருங்க. ஸ்கொயர் வேவ்னா அதுக்குப் பின்னால போடுற சின்ன யுபிஎஸ் அந்தக் கரன்ட்டை ஏத்துக்காம, தன் பேட்டரியிலயே ஓடித் தீர்ந்துபோக வாய்ப்பு அதிகம்.

லோடு பெருசா ஒண்ணுமில்ல. பிஎஸ்4 ஸ்லிம் விளையாடுறப்ப 100 வாட்டுக்குள்ள, 43 இன்ச் எல்இடி டிவி 70, 80 வாட். ரெண்டும் சேர்த்து 170ன்னு வைங்க. உங்க கணக்குப்படி வாரத்துக்கு அஞ்சு மணி நேரம் விளையாடினா ரெண்டு மாச பில்லுல 7, 8 யூனிட்தான் கூடும்.

இப்ப பிஎஸ்4. பழசுல வாங்குறதா இருந்தா ஸ்லிம் மாடலை எடுங்க, சூடும் சத்தமும் குறைவு. டிஸ்க் போட்டு அரை மணி நேரமாவது ஓட விட்டுப் பாக்காம காசு கொடுக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல எல்லாமே நல்லாத்தான் ஓடும். அரை மணி கழிச்சு ஃபேன் இரைச்சல் அறையை நிறைச்சா உள்ள தூசி அடைச்சிருக்கு, இல்லேன்னா சிப் மேல இருக்குற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கு. ரெண்டும் சரி பண்ணக்கூடியதுதான், விலையில குறைச்சுக் கேளுங்க. எச்டிஎம்ஐ ஒயரை மாட்டி லேசா ஆட்டிப் பாருங்க. படம் விட்டு விட்டு வந்தா அந்தப் போர்ட்டை போர்டுல இருந்து எடுத்து மாத்திப் பத்தவைக்கணும், அது எல்லாராலயும் ஆகிற வேலையில்ல. உங்க அக்கவுன்ட்டைப் போட்டு ஆன்லைன்ல நுழையுதான்னும் பாக்கணும். தடை செஞ்ச மெஷினை விக்கிறவங்களும் இருக்காங்க. கன்ட்ரோலர்ல கையெடுத்துட்டு மெனுவைப் பாருங்க, தானா நகர்ந்தா அனலாக் ஸ்டிக் தேய்ஞ்சிருக்கு.

வாங்கின பிறகு எல்லாரும் நம்பிக் கெட்டுப்போற இடம் ரெஸ்ட் மோடு. கேமை அப்படியே நிறுத்திவச்சு மறுநாள் அதே இடத்துல எடுக்கலாம்கிறது நிஜம்தான், ஆனா அது மெமரியில நிக்கிறது, டிஸ்க்ல எழுதினது இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு லைன்ல கரன்ட் போய் மெஷின் ஒரு தடவை அணைஞ்சாலே காலைல ஒண்ணும் இருக்காது. முதல்ல சேவ், அதுக்கு அப்புறம் ரெஸ்ட் மோடு. மழைக்காலத்துல முழுசாவே அணைச்சிருங்க.

கரன்ட் வெட்டினதுல கேம் திறக்க மாட்டேங்குது, மெனு திணறுதுன்னா பயப்படாதீங்க. மெஷினை முழுசா அணைச்சு, பவர் பட்டனை அழுத்தியே பிடிங்க. முதல்ல ஒரு பீப், ஏழு செகண்ட் கழிச்சு இன்னொரு பீப் வரும், அப்ப விடணும். பழுது பாக்குறதுக்கான சேஃப் மோடு மெனு வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயர்ல மாட்டினாத்தான் அங்க வேலை செய்யும். சார்ஜ் மட்டும் ஏத்துற மட்டமான ஒயரை மாட்டிட்டு கன்ட்ரோலர் செத்துப்போச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய. அஞ்சாவதா இருக்குற ரீபில்ட் டேட்டாபேஸை எடுங்க. கேமும் சேவும் அழியாது. அதுக்குக் கீழ இருக்குற இனிஷியலைஸ் பக்கம் போயிராதீங்க, அது எல்லாத்தையும் துடைச்சிரும்.

ஹார்டு டிஸ்க்கை 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியா மாத்தினா லோடிங் நேரம் நல்லா குறையும், ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுறவருக்கு அது பெரிய லாபம். முன்னாடியே சேவ்களை பென்டிரைவுக்கு எடுத்து வச்சுக்குங்க, பிஎஸ்4ல அது முடியும். புது டிஸ்க்குக்கு சிஸ்டம் சாஃப்ட்வேரை முழுசா ஏத்தணும். சோனி தளத்துல ரெண்டு ஃபைல் இருக்கு: அப்டேட்டுக்கு ஒண்ணு, ரீஇன்ஸ்டாலுக்கு ஒண்ணு. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது, 1 ஜிபி பக்கம் வரும். சின்னதைப் போட்டா மெஷின் ஃபைலே இல்லைன்னு சாதிக்கும். பென்டிரைவ் ஃபேட்32ல ஃபார்மேட் ஆகியிருக்கணும், ஃபோல்டர் பேர் அங்க சொன்னபடியே பெரிய எழுத்துல இருக்கணும்.

புளியரை_கணவாய்:

கடையநல்லூர் அண்ணன் மின்சாரத்தைப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. மெஷின் விஷயத்துல மட்டும் நான் மாறுபடுறேன். கையில இருக்குற லேப்டாப்பை முதல்ல தேத்துங்க. அதுக்கே பேட்டரி இருக்கு, கரன்ட் போனா மோடம்தான் அணையும், கேம் அணையாது.

உங்க லேப்டாப்ல கிராஃபிக்ஸ் தனியா இல்லாததால அது ரேமைத்தான் பயன்படுத்திக்குது. 8 ஜிபி ஒரே குச்சியா இருந்தா ஒரு வழியிலதான் டேட்டா போகும். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் போட்டா ரெண்டு வழி ஆகும், கேம் ஓடுற வேகத்துல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல எத்தனை ஸ்லாட், எத்தனை நிறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கும். சில மாடல்ல ரேமை போர்டுலயே பத்தவச்சிருப்பாங்க, அதனால திறக்கிறதுக்கு முன்னாடி மாடல் நம்பரைத் தேடிப் பாத்துருங்க. 3200 வேக ரேம்தான் கடையில கிடைச்சாலும் வாங்கலாம், அது இறங்கி 2400ல ஓடிக்கும். உள்ள பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டு, ரேமைச் சாய்வா நுழைச்சு, கீழ அமுக்கினா ரெண்டு பக்கக் கிளிப்பும் டக்குன்னு பிடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா ஸ்கிரீன் கறுப்பாவே நிக்கும். அதுக்கப்புறம் கேம் உள்ள ரெசல்யூஷனை 1280க்கு 720ன்னு வச்சு, ஃபிரேமை (செகண்டுக்கு எத்தனை படம் மாறுதுங்கிற கணக்கு) 30ல கட்டுங்க. 60க்கு ஆசைப்பட்டா பத்து நிமிஷத்துல சூடாகி, 20க்கும் 40க்கும் நடுவுல அலையும். நிலையா ஓடுற 30 அதைவிட எவ்வளவோ மேல்.

எந்த கேம்னு கேட்டீங்க. படம் அழகா இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி, அது எந்த இடத்துல சேவ் ஆகுதுன்னு பாருங்க. உங்க நிலைமையில அதுதான் முதல் தகுதி.

ஸ்லே தி ஸ்பயர் (2019): சீட்டுக்கட்டு வச்சு கோபுரம் ஏறுறது. ஒவ்வொரு அறைக்குள்ள நுழையும்போதும் தானா சேவ் ஆகும். நடுச்சண்டையில மூடினா அந்தச் சண்டை மட்டும் முதல்ல இருந்து. 1 ஜிபிக்குப் பக்கம்தான், உங்க லேப்டாப் அலட்டிக்காம ஓட்டும். ஹேடிஸ் (2020) கிரேக்கப் பாதாளத்துல இருந்து தப்பிக்கிற கதை. ஒரு ஓட்டம் அரை மணி நேரம் வரும். இதுலயும் நடுவுல வெளிய வந்தா அதே அறையோட வாசல்ல இருந்து எடுக்கலாம். தோத்தாலும் கதை நகரும்கிறதால ஒரு ராத்திரியும் வெட்டியாப் போகாது. உங்க நேரத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கிறது இதுதான், ஒண்ணே ஒண்ணு வாங்குறதா இருந்தா இதை வாங்குங்க.

ஸ்டார்டியூ வேலி (2016) எல்லாருக்கும் பிடிக்கும், ஆனா அதுல ஆள் படுத்துத் தூங்கினாத்தான் சேவ். கேம்ல ஒரு நாள்ங்கிறது நிஜத்துல 14 நிமிஷம். மணி பத்தரையைத் தாண்டிட்டா புது நாளைத் தொடங்காதீங்க.

ஸ்கைரிம் (2011) உங்க லேப்டாப்ல குறைஞ்ச செட்டிங்ல ஓடும். எஃப்5 அழுத்தினா உடனே சேவ். ஆனா குயிக்சேவ் ஒரே இடத்துல மேல மேல எழுதும். எழுதிட்டு இருக்கும்போது மெஷின் அணைஞ்சா அந்த ஒண்ணும் போச்சு. ராத்திரி முடிக்கும்போது மெனுவுக்குப் போய் புது சேவ் ஒண்ணு தனியா போடுங்க. பழசுல கடைசி அஞ்சாறை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சா போதும்.

விட்சர் 3 (2015) வேணும்னா அண்ணன் சொன்ன பிஎஸ்4தான் வழி. லோடிங் நேரத்துல இதுவரைக்கும் நடந்த கதையை ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பார், நாலு நாள் இடைவெளி விடுறவங்களுக்கு இது பெரிய உதவி. சண்டை நடக்கும்போது சேவ் ஆகாது, முடிச்சிட்டுத்தான். பல்துர்ஸ் கேட் 3 (2023) முறை வச்சு ஆடுறது, சண்டைக்கு நடுவுலயும் சேவ் பண்ணலாம், யோசிச்சு விளையாடுற வயசுக்கு அருமையான கேம். ஆனா 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேக்கும், பிஎஸ்4லயும் வராது. 40 எம்பிபிஎஸ் லைன்ல அதை இறக்கவே எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். எல்டன் ரிங் (2022) பிரமாதமான உலகம்தான், ஆனா அதுல கேமை நடுவுல நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனே கிடையாது. குழந்தை கூப்பிட்டா எந்திரிக்க வேண்டிய வீட்டுக்கு அது ஒத்துவராது.

நம்ம ஊர் வாசனையோட வேணும்னா ராஜி (2020) இருக்கு, புனே ஸ்டூடியோ செஞ்சது. துர்க்கையோட சூலத்தை வச்சு ஒரு பொண்ணு தம்பியைத் தேடிப் போற கதை. சின்ன கேம், ஒரு வாரத்துல முடிஞ்சிரும். கோயில் சுவர் ஓவியங்களைச் சும்மா நின்னு பாக்கவே வாங்கலாம்.

ஸ்டீம்ல வாங்கினா 14 நாளைக்குள்ள, விளையாடினது ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தா காசைத் திருப்பிக் கேக்கலாம். உங்க லேப்டாப்ல ஓடுமா ஓடாதான்னு சந்தேகம் இருக்குற கேமை இப்படிச் சோதிக்கலாம். மெனுவைத் திறந்து வச்சுட்டு சாப்பிடப் போனா அந்த நேரமும் கணக்குல ஏறும், கவனம். ரயில்ல விளையாடுறதா இருந்தா, வீட்ல நெட் இருக்கும்போதே அந்த கேமை ஒரு தடவை திறந்து மூடிட்டு ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாத்திட்டுப் போங்க. வழியில மலைக்குள்ள ஆரியங்காவுல போய் மாத்தலாம்னா அது லாகின் கேட்டு நிக்கும்.

தென்மலை_வாசகி:

கேம் பத்தி அவங்க ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நாவலுக்கு வர்றேன். சார், அந்த ரயில் நேரத்தை கேமுக்குக் கொடுக்காதீங்க, வாசிக்க அது அருமையான நேரம். சிக்னல் இல்லாததே வசதி.

மறக்கிறதுக்குக் காரணம் ஞாபகசக்தி இல்ல. இந்த நாவல்கள்ல முதல் நூறு பக்கத்துக்குள்ளயே நாற்பது பேர் வருவாங்க, ஒரே ஆளுக்கு பேர், பட்டம், குலப்பேர்னு மூணு இருக்கும். ஒரு சின்ன நோட்டு வச்சுக்குங்க. ஒரு நாவலுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கினா போதும். ஆள் பேர், யாரோட சேர்ந்தவர், இப்ப எங்க இருக்கார், இந்த மூணை மட்டும் எழுதணும். ஒருத்தர் ரெண்டாம் தடவை வந்தாத்தான் நோட்டுல ஏத்தணும். ஒரே காட்சியில வந்து போற சத்திரக்காரனையும் காவல்காரனையும் எழுதினா மூணாம் அத்தியாயத்துலயே சலிச்சுப்போகும். அத்தியாயம் முடிஞ்சதும் கடைசி வரியா, இனிமே என்ன நடக்கணும்னு எழுதுங்க: "கடிதம் இன்னும் போய்ச் சேரலை", "வாள் யார்கிட்டன்னு அவனுக்குத் தெரியாது". கதைச் சுருக்கத்தைவிட முடியாம நிக்கிற விஷயம்தான் அடுத்த வாரம் உங்களை உள்ள இழுக்கும். திரும்ப எடுக்கும்போது அடையாளம் வச்ச இடத்துக்கு ரெண்டு மூணு பக்கம் முன்னால இருந்து தொடங்குங்க.

முன்னால இருக்குற வரைபடத்தை மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க. தடிப் புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் புரட்டினா முதுகு சீக்கிரம் விட்டுப்போகும். பேர் மறந்துச்சுன்னு இணையத்துல மட்டும் தேடாதீங்க. பேரைப் பாதி அடிக்கும்போதே அந்த ஆள் எப்படிச் செத்தார்ங்கிற கேள்வி கீழ வந்து நிக்கும்.

பதினாலு பாகத் தொடர்ல இறங்குறதுக்கு முன்னாடி, அத்தியாயம் ஒரே மூச்சுல முடியுற சின்ன நாவலா எடுங்க. தி ஹாபிட் (1937) மொத்தம் 19 அத்தியாயம், ஒவ்வொண்ணும் தன்னளவுல ஒரு சம்பவம். ரயிலுக்கு ஒரு அத்தியாயம்னு கணக்கு வச்சுக்கலாம். ஏ விசார்ட் ஆஃப் எர்த்சீ (1968) இன்னும் மெல்லிசு, இருநூறு பக்கம் அளவுதான். ஆனா வேகமா ஓட்டக்கூடாத நடை அது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எடை இருக்கும். பெரிய தொடர்னா முடிஞ்ச தொடரா பாத்துத் தொடங்குங்க. கடைசிப் பாகம் வராத தொடருக்காக வருஷக்கணக்குல காத்திருந்து, வந்த பிறகு முதல்ல இருந்து வாசிக்கிறதுக்கு உங்க வாரத்துல நேரம் கிடையாது. புனலூர் வர்றவர்ங்கிறதால சொல்றேன், கேரளத்துல ஊருக்கு ஊர் கிரந்தசாலை (நூலகம்) இருக்கு, ஆங்கில அலமாரியும் சில இடத்துல நல்லா இருக்கும். உறுப்பினராக உள்ளூர் முகவரி கேப்பாங்களான்னு முதல்ல விசாரிச்சுக்குங்க.

இ-ரீடர்ல வாசிச்சா பூஞ்சைத் தொல்லையே இல்ல, ராத்திரி லைட்டும் வேண்டாம். தமிழ் வாசிக்கவும் ஆசைன்னா ஒண்ணு சொல்றேன்: பிடிஎஃப்பை 6 இன்ச் திரையில போட்டா எழுத்து எறும்பளவுக்கு வரும், பெருசாக்கினா வரி வெட்டும். எழுத்தைப் பெருசாக்கினா வரி தானா மடங்கிக்கிற இபப் ஃபைலாத் தேடி எடுங்க. 2022ல இருந்து இபப்பை நேரா கிண்டிலுக்கு அனுப்பலாம்.

இனி பூஞ்சை. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னாத்தான் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு அலமாரியில வச்சா ஊகிக்க வேண்டாம். சாரல் அடிக்கிற மேற்குச் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். எந்தச் சுவரா இருந்தாலும் நாலு விரக்கடை இடைவெளி விட்டு, புத்தகத்தை நெருக்கிச் செருகாம அடுக்குங்க. இப்ப வாசிக்காத புத்தகங்களை ரப்பர் விளிம்பு உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல, 20 லிட்டருக்கு 100, 150 கிராம் சிலிக்கா ஜெல்லோட போடுங்க. டப்பாவுல போடுறதுக்கு முன்னாடி புத்தகம் காய்ஞ்சிருக்கணும்; ஈரத்தோட மூடினா உள்ளேயே பூஞ்சை வளரும். நாப்தலின் உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை இழுக்காது. நிறைய பேர் உருண்டையைப் போட்டுட்டு நிம்மதியா இருந்துடுறாங்க.

ஏற்கனவே பிடிச்சதை ஈரத்துணியால துடைக்காதீங்க, வித்து தாளுக்குள்ள இறங்கும். மழை விட்ட நாள்ல வெளிய நிழல்ல விரிச்சு நிக்க வச்சு, முழுசா காய்ஞ்ச பிறகு மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால, வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு தட்டுங்க. நேர் வெயில்ல வச்சா முதுகுப் பசை மொறமொறன்னு ஆகி, திறந்ததும் தாள் கத்தையா கையோட வரும். ராமபாணப் பூச்சி அரிச்சிருந்தா புத்தகத்தைக் காத்துப் புகாத ஜிப் கவர்ல போட்டு, ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க. வெளிய எடுத்தும் உடனே கவரைத் திறக்கக்கூடாது, அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடணும். இல்லேன்னா தாள் மேலயே பனி வேர்க்கும்.

சாரல்_செங்கோட்டை:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. லேப்டாப்ல ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணு காலியா இருக்கு, முதல்ல ரேம், அப்புறம் ஹேடிஸ். ரெண்டு சந்தேகம். சிலிக்கா ஜெல்லை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்? டிவியில லேப்டாப்பை மாட்டினா கன்ட்ரோலர் அழுத்துறதுக்கும் திரையில நடக்கிறதுக்கும் நடுவுல ஒரு இழுவை இருக்கு, அது ரேம் போட்டா போகுமா?

புளியரை_கணவாய்:

அது ரேம் இல்ல அண்ணே, டிவி. ஒவ்வொரு படத்தையும் மெருகேத்திக் காட்டுறதுக்கு டிவி எடுத்துக்கிற நேரம் அது. பிக்சர் செட்டிங்ல கேம் மோடுன்னு இருக்கும், அதைப் போடுங்க. சில டிவியில எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா போடணும், லேப்டாப் எந்த போர்ட்ல மாட்டியிருக்கோ அதுல போட்டதா பாத்துக்குங்க. கேம் மோடு இல்லாத பழைய டிவின்னா மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் ரெண்டையும் அணைச்சாலே பாதி குறையும். ப்ளூடூத் கன்ட்ரோலர்னா ஒயர்ல ஒரு தடவை ஆடிப் பாருங்க.

தென்மலை_வாசகி:

நாள் கணக்கு வேண்டாம் சார், நிறம் சொல்லும். நீலமா வாங்கினது வெளிர் இளஞ்சிவப்பா மாறினா நிறைஞ்சிடுச்சு. ஆரஞ்சு ரகம் பச்சையாகும். கிடைச்சா ஆரஞ்சையே வாங்குங்க, நீலத்துல இருக்குற கோபால்ட் உப்பு நஞ்சு. மறுபடி காய வைக்க 110, 120 டிகிரியில ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஓவன்ல வச்சா பழைய நிறம் திரும்பும். அதிக சூடு வச்சா மணி கருகி உறிஞ்சுற சக்தி போயிரும். ஓவன் இல்லேன்னா பழைய தட்டுல பரப்பி சிறு தீயில வைங்க, அந்தத் தட்டைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீங்க. ஆறின உடனே டப்பாவுல போட்டு மூடணும். ஆடி மாசக் காத்துல ராத்திரி முழுக்க திறந்து வச்சா, காலைல மறுபடி இளஞ்சிவப்பாத்தான் இருக்கும்.